உயிரைப் புறக்கோட்டையில் வைத்தவன்

சாவுக்கு அஞ்சுவோர் பலர், அஞ்சாதோர் சிலர், சாவை ஏமாற்ற முற்பட்டோர் மிகச் சிலர். கதையுலகில் நெடுங்காலம் நிலைபெற்ற தீயோர் பெரும்பாலும் இம்மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மேற்கொண்ட வழிகளை ஆராய்ந்தால் அவை மூன்றனுள் அடங்கும்.

முதலாவது வரம். இரணியன் கொண்ட வழி அது. பகலில் ஆகாது, இரவில் ஆகாது, மனிதரால் ஆகாது, விலங்கால் ஆகாது என்று சாவு வரும் வாயில்களை அவன் ஒவ்வொன்றாக அடைத்தான். அடையாத இடுக்கு ஒன்று எஞ்சியது. அதன் வழியே நரசிங்கம் வந்தது. இரண்டாவது மருந்து. அமுதம், சஞ்சீவி, காயகற்பம் என்பன அதன்பாற்படும். மூன்றாவது ஒளிப்பு. உயிரை உடம்பினின்றும் பிரித்தெடுத்து, வேறோரிடத்தில், ஒருவரும் அறியாவண்ணம் வைத்துவிடுவது. அதன்பின் உடம்பை வெட்டினால் ஒட்டிக்கொள்ளும். எரித்தால் மீண்டும் எழும்.

இம்மூன்றனுள் கடைசி வழியே நம் சிந்தனைக்கு உரியது. வரமும் மருந்தும் பிறர் தரப் பெறுவன. தெய்வமோ முனிவரோ மனமிரங்கித் தரவேண்டும். ஒளிப்போ ஒருவன் தன் வித்தையின் வலியால் தானே செய்துகொள்வது. ஆதலின் அவ்வழியிற் செல்பவன் வெறும் அரக்கனல்லன், கற்றவன். கற்றவன் ஒருவன் தன் கல்வி முழுவதையும் தான் சாகாமலிருத்தல் என்னும் ஒன்றற்கே செலவிட்டால் அவன் என்னாவான்? இவ்வினாவுக்கு மேனாட்டார் அண்மைக் காலத்தில் ஒரு விடை வரைந்துள்ளனர். நம் முன்னோரும் ஒரு விடை வைத்துள்ளனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன்தரும் என்பது என் எண்ணம்.

மேசைமேல் வாழும் மாயக்காரன்

அமெரிக்க நாட்டிலே விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள ஜெனீவா ஏரி என்னும் சிற்றூரிலிருந்து 1974 ஆம் ஆண்டில் ஒரு புதுவகை ஆட்டம் வெளிவந்தது. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அதனை அமைத்தோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். நம் தாயத்தையும் சதுரங்கத்தையும் போல இதற்கு நிலையான கட்டங்கள் வேண்டியதில்லை. நால்வர் ஐவர் மேசையைச் சுற்றியிருப்பர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் வீரன், கள்வன், மந்திரவாதி என ஆளுக்கொரு வேடம் பூணுவர். கதை நடத்துபவர், 'உங்கள் முன்னே ஓர் இருண்ட வாயில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார். வேடம் பூண்டோர் தத்தம் கருத்துப்படி செயலைச் சொல்வர். அச்செயல் வெற்றியாகுமா என்பதை இருபது முகங்கொண்ட பகடை தீர்மானிக்கும். பாதிக் கூத்து, பாதிச் சூது, முழுவதும் கற்பனை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் இளைஞர் சிலரும் இன்று இதனை அறிந்திருக்கின்றனர்.

இவ்வாட்டத்தில் வருந் தீயோருள் தலையானவனை 'லிச்' என்பர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் வெறும் பிணத்தையே குறித்தது. ஆட்டக்காரர் அதற்குப் புதுப்பொருள் ஏற்றினர். பேரறிவு படைத்த ஒரு மாயவித்தைக்காரன் சாவதற்கு மனமின்றித் தன் உயிரைப் பிரித்து ஒரு பேழையில் அடைக்கிறான். அவன் உடல் காய்ந்து எலும்பாகிறது. அறிவும் ஆசையும் மட்டும் மாறாமலிருக்கின்றன. உடலை அழித்தோர் வென்றோம் என்று வீடு திரும்புவர். பேழை அழியாதவரை அவன் மறுபடியும் உருக்கொள்வான். 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னொரு விதியும் உண்டு. பிறர் உயிர்களை அவன் அப்பேழைக்கு இரையாக ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஊட்டாவிடின் அவன் சிதைந்துபோவான்.

இவ்வகுப்பினருள் இருவர் புகழ்பெற்றவர். ஒருவன் வெக்னா. இவன் பெயர் 1976 ஆம் ஆண்டில் ஆட்டநூலொன்றில் முதன்முதல் வந்தது. 2022 ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் தன் தீயோனுக்கு இப்பெயரைச் சூட்டவே, ஆட்டமே அறியாதாரும் இவனை அறிந்தனர். மற்றவன் அசெரெராக். கைகாக்ஸ் 1975 இல் ஒரு போட்டிக்காக அமைத்து 1978 இல் அச்சிட்ட 'பயங்கரங்களின் கல்லறை' என்னும் கதையின் தலைவன் இவன். நிலத்தின் கீழே இவனுடைய கல்லறை. பொய் வாயில்கள், விழுங்கும் வாய்கள், நச்சுக் குழிகள் எனப் பொறிகள் நிறைந்தது. இவற்றையெல்லாம் கடந்து உள்ளறையை அடைந்தால் அங்கே எஞ்சியிருப்பது ஒரு மண்டையோடு. கண்குழிகளில் மாணிக்கம், பற்களுக்கு வைரம். தீண்டினோர் உயிரை அது உறிஞ்சி அம்மணிகளில் அடைத்துவிடும். புதையலை நாடி வந்தவர் புதையலுக்குள்ளேயே சிறைப்படுவர்!

என்னிடந் தமிழ் கற்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள், "ஐயா, லிச் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?" என்று கேட்டான். சொல்லைத் தேடப் புகுந்தபோது கதைகள் பல வந்து கையைப் பற்றின. இக்கட்டுரை அத்தேட்டத்தின் பயன்.

பேயும் அல்ல, வேதாளமும் அல்ல

தமிழிலே இறந்தோரைச் சார்ந்த உருவங்களுக்குப் பஞ்சமில்லை. பேய், அலகை, கழுது, கூளி என்றெல்லாம் நிகண்டுகள் வரிசைப்படுத்துகின்றன. பரணி பாடிய புலவர் பேய்களுக்குப் போர்க்களத்திலே கூழ் சமைத்து விருந்தே வைத்தனர். ஆனால் பேய் உடம்பிழந்தது. நாம் தேடுபவனோ உடம்பை விடாதவன். வேதாளம் பிணத்திற் புகுவது. எனினும் அது பிறர் பிணத்திற் புகுவது. நாம் தேடுபவனோ தன் பிணத்தில் தானே குடியிருப்பவன்.

இந்நாட்டுச் சிங்கள மக்கள் அஞ்சும் மஹசோனாவையும் எண்ணிப் பார்த்தேன். துட்டகைமுனுவின் படைவீரருள் ஒருவனான கோட்டைம்பரனோடு பொருது தலையிழந்த ஜயசேனன் என்பவனுக்குக் கரடித்தலை பொருத்தப்பட்டு, அவன் சுடுகாட்டை ஆளும் யக்கனானான் என்பது அவர்கள் கதை. இவனும் இறந்தெழுந்தவனே. ஆயினும் அது பிறர் செய்த செயல்; அவனே திட்டமிட்ட வித்தையன்று.

தன் வித்தையால் உயிரைப் புறத்தே ஒளித்தவன் நம் கதைகளில் உண்டா? உண்டு. அவன் பெயர் மயில்ராவணன்.

பாதாளத்து மாயன்

மயில்ராவணன் கதை வான்மீகத்தில் இல்லை, கம்பனிலும் இல்லை. இந்திரசித்தின் நிகும்பலை வேள்வியைக் கம்பன் விரித்துப் பாடினான். மாயாசனகப் படலம் பாடினான். மயில்ராவணனை மட்டும் பாடவில்லை. அவன் வாழ்ந்த இடம் மக்கள் வாய். சென்னையிலிருந்து வந்த பெரிய எழுத்துப் புத்தகங்களும் தென்தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கூத்தும் அவனைக் காத்து வைத்தன.

கதை இது. இலங்கைப் போரிலே தன் மக்களை இழந்த இராவணன் பாதாள வேந்தனான மயில்ராவணனை நாடுகிறான். அனுமன் தன் வாலைச் சுருட்டி வானர சேனையைச் சுற்றி ஒரு கோட்டையாக்கிக் காவலிருக்கிறான். மயில்ராவணன் விபீடணன் வேடம்பூண்டு அக்கோட்டையினுள் நுழைந்து, எல்லாரையும் மயக்கத்தில் ஆழ்த்தி, இராம இலக்குவரைக் காளிக்குப் பலியிடும்பொருட்டுப் பாதாளத்துக்குக் கொண்டுபோகிறான். அனுமன் தாமரைத் தண்டின் வழியே கீழிறங்குகிறான். வாயில் காப்பவன் மீன் வயிற்றிற் பிறந்த தன் மகனே என்று கண்டு திகைக்கிறான். நீர்மொள்ள வந்து அழுதுநிற்கும் தூரதண்டி என்பாளைச் சந்திக்கிறான். அவள் மயில்ராவணனுடைய உடன்பிறந்தாள். அவள் மகனையும் பலியிடுவதற்காகத் தமையன் சிறைப்படுத்தியிருக்கிறான். அவள் துணையால் அனுமன் நகர்புகுந்து போர்தொடுக்கிறான். ஆனால் மயில்ராவணனை எத்தனை முறை பிளந்தாலும் அவன் மறுபடி எழுகிறான். அவன் உயிர் அவனிடத்தில் இல்லை. தொலைவிலே வண்டுகளின் உருவில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வண்டுகள் நசுக்கப்பட்டபோதே அவன் வீழ்கிறான். ஐந்து திசைகளில் எரியும் ஐந்து விளக்குகளில் அவன் உயிர் இருந்தது என்றும், அவற்றை ஒருங்கே அணைத்தற்பொருட்டே அனுமன் ஐந்து முகங்கொண்டான் என்றும் வேறொரு வழக்குக் கூறும்.

இக்கதை கடல் கடந்தும் சென்றது. தாய்லாந்து மன்னர் முதலாம் இராமர் காலத்தில் 1797 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட இராமகியென் என்னும் காவியத்தில் இவன் மையராப் என்னும் பெயருடன் வருகிறான். அங்கும் தாமரைத் தண்டு. அங்கும் மீன்வயிற்று மகன். அங்கும் மகனைச் சிறையில் விட்டு அழும் உடன்பிறந்தாள். மையராப்பின் உயிர் ஒரு தேனீயாய்த் திரிகூட மலையின் உச்சியில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். சிங்காரவேலு இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டு 1985 இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். தமிழ் நாட்டார் வழக்குக்கும் தாய்லாந்துக் காவியத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய விரும்புவோர் அவர் வழிநின்று தொடங்கலாம்.

இங்கே நம் ஊர்ப் பெயர் ஒன்று எனக்கு விளக்கந் தந்தது. கொழும்பிலே கோட்டைக்குப் புறத்தே அமைந்த பகுதி புறக்கோட்டை. சிங்களத்தார் பிட்டகொட்டுவ என்பதும் அப்பொருளிலேயே. ஆங்கிலேயர் பெட்டா என்று அழைத்தது நம் பேட்டையின் திரிபு. உடம்பை உயிரின் கோட்டை என்று கொண்டால், மயில்ராவணனும் அசெரெராக்கும் தத்தம் உயிரைப் புறக்கோட்டையில் வைத்தவர்கள். பகைவர் கோட்டையையே முற்றுகையிடுவர் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கிலே பிழையில்லை. பிழை வேறோரிடத்தில் இருக்கிறது.

மறைவு எப்படி வெளிப்படுகிறது?

உயிரை ஒளித்த மாயக்காரன் உலகெங்கும் இருக்கிறான். உருசிய நாட்டுக் கதைகளில் அவன் பெயர் கொஷ்செய். அவன் சாவு ஓர் ஊசியின் நுனியில், ஊசி முட்டையில், முட்டை வாத்தில், வாத்து முயலில், முயல் பெட்டியில். தக்கணத்திலே வழங்கிய கதைகளை 1868 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மேரி பிரேயர் என்னும் பெண்மணியின் தொகுப்பில் அவன் பெயர் பஞ்ச்கின். தொலைதூரக் காட்டிலே நீர்க்குடங்களின் கீழே மறைந்த கூட்டில் ஒரு பச்சைக் கிளி. அதிலே அவன் உயிர். ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் கழுத்தில் உயிரை வைத்த மந்திரவாதியை நம் பாட்டிமாரும் அறிவர். ஜேம்ஸ் பிரேசர் என்னும் அறிஞர் 1890 இல் முதன்முதல் வெளியிட்ட 'பொற்கிளை' என்னும் நூலில் இத்தகைய கதைகளைத் தேசந்தோறும் தேடித் தொகுத்து, புறத்தே வைத்த உயிர் என்னும் நம்பிக்கையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இக்கதைகளை ஒருசேரப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒளித்த இடத்தை எவரும் தற்செயலாகக் கண்டுபிடிப்பதில்லை. மாயக்காரனே சொல்லிவிடுகிறான், அல்லது அவன் வீட்டார் சொல்லிவிடுகின்றனர். பஞ்ச்கின் தான் சிறைவைத்த பெண் இன்சொல்லாற் கேட்டதும் கிளியிருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டான். கொஷ்செய் சிலமுறை பொய்கூறி, கடைசியில் மெய்கூறினான். மையராப்பின் மறைவைச் சொன்னவள் அவனுடன் பிறந்தவள். அசெரெராக்கோ கல்லறையின் முதல் நடைகூடத்திலேயே, தன் அறைக்கு வரும் வழியைக் குறிப்பால் உணர்த்தும் பாட்டொன்றை எழுதிவைத்தான்!

இவ்வளவு சூழ்ச்சி தெரிந்தவர்கள் இவ்வளவு எளிதில் வாய்திறப்பானேன்? கதை கட்டினோரின் வசதிக்காக என்று சொல்லி விடலாம். எனக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. கற்றவனுக்குத் தன் கல்வியை ஒருவரேனும் அறியவேண்டும் என்னும் வேட்கை இயல்பாக உண்டு. மாணாக்கரிடம் சொல்லி அவ்வேட்கையைத் தணித்துக்கொள்பவன் ஆசிரியன். மாணாக்கரே இல்லாதவன் சிறைக்கைதியிடம் சொல்கிறான். கல்லறைத் தரையில் எழுதி வைக்கிறான். மயில்ராவணனுக்குப் பணிவோர் இருந்தனர்; அவனிடம் பயின்றோர் இருந்ததாகக் கதை கூறவில்லை. தங்கையின் மகனையே பலிக்குக் குறித்தவனுக்கு மரபு எங்கிருந்து வரும்? அவன் பிழை அங்கேதான். உயிரை வைக்கப் பெட்டி தேடினான், ஆள் தேடவில்லை.

வணங்கத் தெரியாதவனிடம் வணங்கிக் காட்டியவன்

இம்மாயக்காரனுக்கு உறவினன் ஒருவன் விக்கிரமாதித்தன் கதையில் இருக்கிறான். முருங்கை மரத்து வேதாளத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதைக் கொண்டுவரச் சொன்ன சந்நியாசியை மறந்துவிடுகிறோம். அவன் நாள்தோறும் அரசனுக்கு ஒரு பழம் கொடுத்துவந்தான். ஒருநாள் ஒரு குரங்கு அப்பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து மணி ஒன்று உதிர்ந்தது. மணியால் அரசனை வயப்படுத்திச் சுடுகாட்டுக்கு அழைத்து, அவனையே பலியிட்டுப் பெருஞ்சித்தி பெறுவது அச்சந்நியாசியின் எண்ணம். வேதாளம் இதனை அரசனுக்கு உணர்த்தியது. 'விழுந்து வணங்கு' என்று சந்நியாசி சொன்னபோது, 'அரசனாகிய நான் பிறரை வணங்கி அறியேன்; நீர் செய்து காட்டும்' என்றான் விக்கிரமன். அவன் குனிந்து காட்டினான், வாள் இறங்கியது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் உள்ளது இது.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா இவ்வேதாளத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் கொண்டுவந்தது. அவ்விருவருமே விஜயா நிறுவனத்தின் வாயிலாக 1951 இல் 'பாதாள பைரவி' என்னும் திரைப்படத்தை அளித்தனர். அதிலே எஸ். வி. ரங்காராவ் நடித்த மந்திரவாதி, வீரன் ஒருவனைப் பலியிட்டு வரம்பெற எண்ணித் தானே பலியாகிறான். சீடன் சஞ்சீவி மூலிகையால் அவனை மீண்டும் எழுப்புகிறான். மேனாட்டு ஆட்டக்காரர் தம் பகடையை உருட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே சாவொழிந்த சூனியக்காரனை நம் மக்கள் கொட்டகையிற் கண்டுவிட்டனர்.

இக்கதையிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சந்நியாசியை வீழ்த்தியது, 'செய்து காட்டும்' என்னும் ஒரு வேண்டுகோள். அது மாணாக்கன் ஆசிரியனைக் கேட்கும் வேண்டுகோள். வாழ்நாளில் ஒருவருக்கும் உண்மையாக எதையும் கற்பித்திராதவன் முதன்முறையாக ஒன்றைக் கற்பிக்கக் குனிந்தபோது அவன் வேடம் கலைந்தது.

பிணத்திற் புகுந்த பெரியவர்

பிணத்திற் குடியிருப்போர் எல்லாருந் தீயோர் என்று முடிவு செய்வதற்கு முன் சேக்கிழாரை அணுகுவோம். கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகை நோக்கி வந்த சிவயோகியார் ஒருவர், திருவாவடுதுறைக்கு அண்மையிலுள்ள சாத்தனூரில், இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் கண்டார். அவற்றின் துயர் தீர்க்கக் கருதித் தம் உடம்பைப் பாதுகாவலாக ஓரிடத்தில் வைத்து, மூலன் உடம்பிற் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் அவற்றை ஊர்சேர்த்துத் திரும்பியவர் தம் உடம்பைத் தேடினார், அது அங்கில்லை. இறைவன் அதனை மறைத்தருளினான் என்கிறது புராணம். மூலன் உடம்பிலேயே தங்கித் திருவாவடுதுறை அரசமரத்தின்கீழ் அமர்ந்து, ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் பாட்டு அருளினார். அவரே திருமூலர், அப்பாட்டுத் தொகுதியே திருமந்திரம்.

எத்துணை ஒற்றுமை, எத்துணை வேற்றுமை! வித்தை ஒன்றே. உயிரையும் உடம்பையும் பிரிக்கும் ஆற்றல் இருவர்க்கும் இருந்தது. மயில்ராவணன் தன்னைக் காக்கத் தன் உயிரைப் புறத்தே வைத்தான். திருமூலர் மாடுகளின் கண்ணீரைத் துடைக்கத் தம் உடம்பையே புறத்தே வைத்தார். வைத்த பொருள் இருவரிடமிருந்தும் பறிபோயிற்று. ஒருவனுக்கு அதுவே முடிவாயிற்று. மற்றவர்க்கு அதுவே தொடக்கமாயிற்று. இழந்தவர் அமர்ந்து பாடினார். அவர் உயிரை இன்று தேடுவோர் மலையையும் வண்டையும் தேடவேண்டியதில்லை. ஏதேனும் ஒரு பள்ளியில் ஏதேனும் ஒரு சிறுவன் திருமந்திரம் ஓதும் வாயிலே அது இருக்கிறது.

சாவு மாற்ற ஒண்ணாதது என்பதையும் நம் காவியம் மறைக்கவில்லை. மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சுடுகாட்டுப் பேயைக் கண்டு அஞ்சி இறந்த சார்ங்கலன் என்னும் சிறுவனின் தாய் கோதமை, தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். அது இயலாது என்று தெய்வம் கூறவும் அவள் ஒப்பவில்லை. ஈற்றில் சக்கரவாளத்துத் தேவர் அனைவரும் அவள்முன் வந்து அதனையே கூறினர். பிறர்க்காகத் தன் உயிரைத் தர முன்வந்த தாய்க்கே கிடையாத ஒன்றைப் பிறர் உயிரைத் தின்று பெற நினைப்பவனுக்கு உலகம் எப்படி இடங்கொடுக்கும்?

பெட்டியும் மடற்பனையும்

இவையெல்லாம் கதை என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று கூறுவேன். இம்மாயக்காரன் நம்மிடையே வேட்டி சால்வையோடும் உலாவியிருக்கிறான். நான் இளைஞனாயிருந்தபோது கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த புலவர் ஒருவரை அறிவேன். இலக்கணக் கடலென்று எல்லாரும் அவரை மதித்தனர். நாற்பது ஆண்டுக் குறிப்புகள் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தன. அவற்றைக் காணவேண்டும் என்று கேட்டோர்க்கெல்லாம், 'பிறகு பார்ப்போம், தம்பி' என்பதே மறுமொழி. அவர் மறைந்து பல மாதங்களின்பின் வீட்டார் பெட்டியைத் திறந்தனர். ஈரமும் பூச்சியும் முன்னரே அவற்றைப் படித்து முடித்திருந்தன. தாளை எடுத்தால் துகளாய் உதிர்ந்தது. அவர் இறந்த அன்று இறந்தது உடம்பு. அவர் உயிர் அப்பெட்டிக்குள் பின்னும் சில மாதங்கள் கிடந்து தனியே இறந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இத்தகையோரை நன்கறிந்திருந்தார். நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் உவமைகளைக் கூறியவர், ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை கூறினார். அவற்றுள் மடற்பனையை ஈழத்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் ஏறவும் ஒண்ணாது, பறிக்கவும் ஒண்ணாது. தானாகப் பழம் விழுந்தாலன்றி ஒருவரும் உண்ண முடியாது. அசெரெராக்கின் கல்லறையை இதனினும் சுருங்க யார் சொல்லவல்லார்? பொறிகள் சூழ்ந்த கருவூலம், அணுகினோர்க்குக் காயம், உள்ளே மாணிக்கம்.

இம்மடற்பனைகளோடு போராடியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியபோது எழுதிய பதிப்புரையிலே, பழைய ஏடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தமையை அவர் உள்ளம் நொந்து எழுதினார். ஏட்டிலே இருந்ததை அவர் அச்சிலே பரப்பினார். பரப்பியதன் பயன் பிற்காலத்தில் விளங்கிற்று. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அது கரந்து வைத்த பெட்டியன்று. எல்லார்க்குந் திறந்திருந்த வீடு. எரித்தவர் பழி எரித்தவரையே சாரும். ஆயினும் அத்தீயிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடமும் உண்டு. அச்சேறிப் பல ஊர்களிலும் பரந்திருந்த நூல்கள் மீண்டும் அங்கே வந்துசேரக் கூடியவையாயின. ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடுகள் போனவை போனவையே. கலித்தொகையின் உயிர் ஆயிரம் வீடுகளில் இருந்தது. ஆதலால் எந்தத் தீயும் அதனைக் கொல்லவில்லை.

ஒளிப்பவன் உயிரை ஓரிடத்தில் வைக்கிறான். ஆதலின் ஓரிடத்தை அழித்தால் அவன் அழிகிறான். கொடுப்பவன் பலரிடம் வைக்கிறான். அவன் உயிரை எந்த அனுமன் வந்து தேடிச் சேர்ப்பான்?

பெயர் கிடைத்தது

இனி, மாணவன் கேட்ட சொல்லுக்கு வருவோம். தமிழிலே கரத்தல் என்றொரு சொல் உண்டு. ஒளித்தல் என்பது அதன் பொருள். இரந்து கேட்டவர்க்கு உள்ளதை இல்லையென்று மறைத்தலும் அச்சொல்லின் பொருளே. வள்ளுவர் இரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்களில் அச்சொல்லை இப்பொருளிலேயே ஆள்கிறார். ஒளிப்பவனுக்கும் ஈயாதவனுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது! ஆகவே லிச் என்பானை 'உயிர்கரந்தோன்' என்று வழங்கலாம் என்பது என் துணிபு. உயிரை ஒளித்தவன் என்று அது பொருள்படும். உயிரைப் பிறர்க்கு ஈயாதவன் என்றும் பொருள்படும். அவன் வித்தையும் அவன் குற்றமும் ஒரு சொல்லுள் அடங்கிவிட்டன. இதனினும் பொருந்திய சொல்லை அறிஞர் காட்டுவராயின் மகிழ்வேன்.

இளைஞர் இவ்வாட்டம் ஆடுதல் நன்றா என்று பெற்றோர் சிலர் வினவுவர். ஆட்டத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. தரையில் எழுதிய பாட்டின் குறிப்பை உணர்ந்தாலன்றி உள்ளே செல்ல முடியாத கல்லறை, பிள்ளைகளைக் கூர்ந்து படிக்கப் பழக்குகிறது. தனியொருவரால் வெல்ல முடியாத தீயோன், கூடிச் சிந்திக்கப் பழக்குகிறான். அசெரெராக்கை அறிந்த பிள்ளைகள் மயில்ராவணனை அறியாதிருந்தால் குறை பிள்ளைகளுடையதன்று. அக்கதையை நாம் நம் பெட்டியிலே வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

கொழும்புக் கோட்டையின் மதில்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டன. புறக்கோட்டையோ நாள்தோறும் ஆயிரம் ஆயிரம் மக்கள் கொடுத்தும் வாங்கியும் புழங்கும் சந்தையாய் விளங்குகிறது. உயிரைப் புறத்தே வைத்தல் குற்றமன்று. எல்லா ஆசிரியரும் செய்யத் தக்கது அதுவே. வண்டிலும் பேழையிலும் வையாமல், நடந்து திரியும் மனிதரிடத்தே வைக்கவேண்டும். கையிலுள்ள குறிப்பேட்டை இவ்வாரமே ஒரு மாணாக்கனுக்குப் படிக்கக் கொடுங்கள். அதனை அவன் திருப்பித் தரும்போது ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருப்பானாயின், உங்கள் உயிர் நல்ல இடத்திலே வைக்கப்பட்டிருக்கிறது என்று துணியலாம்.